காலிக் கட்டம்

சென்னை,
4.5.2025

அன்புத் தங்கை செம்மொழிக்கு,

அண்ணன் நெடுஞ்செழியன் எழுதுகிறேன். நானும் உன் அண்ணி ரோஹிணியும் நன்றாக இருக்கிறோம். அப்பாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை லேப் லேப் என்று டீயிலேயே நாளை ஓட்டுகிறாயா?

கையில் போன் இருக்கும்போது தபாலில் எழுதுகிறானே என்று சிரிக்காதே. நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை. பொங்கலுக்குப் போட்ட சண்டைக்கே நீ இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய். தாளில் எழுதினால் தபால்பெட்டி வரை நடப்பதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் விதைக் கம்பெனி எங்கள் நிறுவனத்திடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறது. தரவுப் பண்பாட்டை அளந்து, அதை உயர்த்திக் காட்ட வேண்டும். அதாவது, அங்கே வேலை செய்கிறவர்கள் எண்ணை எவ்வளவு மதிக்கிறார்கள், எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறார்களா, இல்லை வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறார்களா என்று ஆளாளுக்கு மதிப்பெண் போட வேண்டும். ஐந்துக்கு இத்தனை என்று. தலைமை ஆலோசகர் யார் தெரியுமா? உன் அண்ணன்தான். நான் தனியாகக் கையில் எடுக்கும் முதல் பெரிய வேலை இது. தேறினால் மேலே போவேன். தேறாவிட்டால் இதே நாற்காலியில் தலை நரைக்கும்.

இரண்டு உதவி வேண்டும். நான் உன் அண்ணன் என்று அங்கே ஒருவரிடமும் மூச்சு விடாதே. சொந்தக்காரி வேலை செய்யும் இடம் என்று தெரிந்தால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். அடுத்தது, லேப்பில் நிஜமாகவே என்ன நடக்கிறது என்று எனக்கு எழுது. கேள்வித்தாளில் எல்லாரும் நல்லபிள்ளையாகப் பொய் சொல்வார்கள். உனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நீ எழுதுவது என்னைத் தாண்டிப் போகாது, அப்பா மேல் சத்தியம். உன் கடிதங்களைப் பழைய முறுக்கு டின்னில் போட்டுப் பூட்டி வைப்பேன்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்,
நெடுஞ்செழியன்


மன்னார்குடி,
13.5.2025

அன்பு அண்ணனுக்கு,

தங்கை செம்மொழி. இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவின் முட்டி அவருடைய பழைய சைக்கிள் மாதிரி கிரீச்சிடுகிறது. ஆனால் மனுசர் வயலுக்குப் போகாமல் இருந்தால்தானே! அண்ணிக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று நீ போனில் அப்பாவிடம் சொன்னதை அவரால் ஒரு மணி நேரம்கூட வாயில் வைத்திருக்க முடியவில்லை. ஊர் முழுக்க மிட்டாய். வளைகாப்புக்கு முதல் ஆளாக நான் வந்து நிற்பேன். நாத்தனார் உரிமை, இப்போதே சொல்லிவிட்டேன்.

தரவுப் பண்பாடா? அடேயப்பா! அப்படி ஒன்று எங்களிடம் இருக்கிறதென்றே இத்தனை நாள் தெரியாது. சரி, கேள்.

விதை நெல் வந்து இறங்கும். ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு லாட் நம்பர். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் நானூறு விதை எண்ணி, நூறு நூறாக நாலு தட்டில் ஈரத்தாளில் வைப்பேன். ஐந்தாம் நாள் ஒரு எண்ணிக்கை, பதினாலாம் நாள் கடைசி எண்ணிக்கை. நூற்றுக்கு எண்பது முளைத்தால் அது விதை. கீழே போனால் வெறும் நெல், மில்லுக்குப் போக வேண்டியதுதான். எண்ணியதை நோட்டில் அந்த லாட்டுக்கு நேரே இருக்கும் கட்டத்தில் எழுதுவேன். கட்டம் காலியாக இருந்தால் கிடங்கிலிருந்து ஒரு மூட்டை நகராது. இது எந்த உத்தரவிலும் இல்லை. எனக்கு முன்பிருந்தவர்கள் காலத்திலிருந்தே அப்படித்தான். லாரி டிரைவர்கூட, "கட்டம் ரொம்பிடுச்சாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் தார்ப்பாயை அவிழ்ப்பார். காலிக் கட்டம்தான் எங்கள் பூட்டு.

இன்னொன்றும் செய்வோம். எண்ணியது போக மிச்ச மாதிரியைத் துணிப்பையில் கட்டி, அரக்கு வைத்து, அலமாரியில் ஒரு வருடம் பூட்டி வைப்போம். சாட்சிப் பை என்று எங்களுக்குள் அதற்குப் பெயர். நீ முறுக்கு டின்னில் கடிதம் பூட்டுகிற மாதிரிதான்.

எங்கள் மேனேஜர் அச்சுதன் சாருக்கு எண்ணென்றால் உயிர், வாயளவில். "நாம பேசக்கூடாதும்மா, டேட்டாதான் பேசணும்" என்பார். எந்த லாட்டைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து போன வருடத்துச் சராசரிதான் வரும், தொண்ணூற்றொன்று. பிள்ளையார் கோயில் சுண்டல் மாதிரி எல்லாருக்கும் ஒரே அளவு. அவர்தான் இப்போது பத்தாம் நாளே எண் வேண்டும் என்று குதிக்கிறார். பத்தாம் நாள் மூடியைத் திறந்து பொங்கிவிட்டதா என்று பார்க்க நெல் என்ன இட்லி மாவா? இதை அவர் முகத்துக்கு நேரே கேட்க நாக்கு நுனி வரை வந்தது. வேலை வேண்டுமே என்று விழுங்கிவிட்டேன். உன்னிடம்தான் கொட்டுகிறேன்.

அண்ணிக்குப் புளிப்பு கேட்டால் சொல், மாவடு போட்டிருக்கிறேன்.

தங்கை,
செம்மொழி


சென்னை,
2.6.2025

அன்புத் தங்கைக்கு,

நலம்தானே? மாவடு வந்து சேர்ந்தது. ரோஹிணி சோறு வேண்டாம், இதுவே போதும் என்கிறாள்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அறுபது பேர் நிரப்பிய கேள்வித்தாளைவிட உன் நாலு பக்கம் எனக்குப் பயன்பட்டது. இந்த மாதம் 16ஆம் தேதி அங்கே வருகிறேன். எல்லா ஊழியர்களையும் கூட்டி முதல் மதிப்பெண்ணைச் சொல்லப்போகிறோம். என்னைப் பார்த்துத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதே. சிரித்தும் தொலைக்காதே, உனக்கு வந்தால் அடங்காது.

கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வருகிறேன். அப்பாவிடம் சொல்லி வை.

அண்ணன்,
நெடுஞ்செழியன்


மன்னார்குடி,
20.6.2025

மதிப்பிற்குரிய தலைமை ஆலோசகர் அவர்களுக்கு,

தாங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். பார்த்தேனே, கன்னம் நன்றாகப் பூசியிருக்கிறது.

சிரிக்காதே என்று சொல்லியிருந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்ற ஐம்பத்தொன்பது பேரும் சிரித்தார்கள். 'மாற்றத்தை எதிர்க்கும் மனநிலை' என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே பெரிய எழுத்தில், 'நெல் என்ன இட்லி மாவா? — ஓர் ஊழியர்' என்று திரையில் போட்டீர்களே, அப்போது. அச்சுதன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என் பக்கத்தில் இருந்த அஃப்ரீன், லேப்பில் என்னோடு தட்டு வைக்கிறவள், முழங்கையால் இடித்து, "யாருக்கா இது? உன் வாய் மாதிரியே இருக்கே" என்றாள். தாங்கள் பின்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்பா மேல் செய்த சத்தியம் ஒரு மாதம்தான் தாங்கியது.

அப்புறம் மதிப்பெண். கம்பெனிக்கு 2.3. அச்சுதன் சாருக்கு 4.8. கம்பெனியிலேயே கடைசி, 1.4, எனக்கு. ஏன் என்று கேட்டேன். கேள்வித்தாளில் 'நம் நிறுவனத்தின் எண்களை நான் நம்புகிறேன்' என்பதற்கு ஒன்று போட்டிருக்கிறேனாம். ஆமாம், போட்டேன். நம்பாததால்தானே உட்கார்ந்து நானூறு விதையை எண்ணுகிறேன்? நம்புகிறவருக்கு எதற்கு லேப்?

இதெல்லாம் போகட்டும். அப்பா அன்றைக்கு விரால் மீன் வாங்கி வந்து, தானே ஆய்ந்து கொடுத்தார். ஐந்து மணிக்கே பஸ் ஸ்டாண்டில் போய் நின்றார். எட்டு மணிக்கு நான்தான் போய்க் கூட்டி வந்தேன். தாங்கள் மத்தியானமே அச்சுதன் சார் காரில் தஞ்சாவூர் போய்விட்டதாக டிரைவர் சொன்னார். அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. "பெரிய வேலையில இருக்கான், நேரம் கெடைச்சிருக்காது" என்று அவரே சொல்லிக்கொண்டார். குழம்பை மறுநாளும் சுட வைத்துச் சாப்பிட்டோம்.

இப்படிக்கு,
ஓர் ஊழியர்


சென்னை,
8.7.2025

அன்புத் தங்கைக்கு,

கோபமாக இருப்பாய் என்று தெரியும். ரோஹிணிக்கு உடம்பு படுத்தியதால் உடனே எழுத முடியவில்லை, இப்போது தேவலை.

திரையில் உன் பெயர் இல்லையே அம்மா! நல்ல வாக்கியம், அதனால் போட்டேன். அதற்குப் போய் 'தாங்கள்' 'தங்கள்' என்று குத்திக் கிழிக்க வேண்டுமா? வீட்டுக்கு வராதது தப்புதான். அச்சுதன் சார் விடவில்லை. என் வேலை அவர் கையில் இருக்கிறது.

இனி உன் நன்மைக்குச் சொல்கிறேன். இந்த மாதம் முதல் நோட்டு கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர் டேஷ்போர்டில்தான். அது என் ஆலோசனை. எண் ஒரே இடத்தில் இருந்தால்தான் எல்லாரும் அதைப் பார்ப்பார்கள். பத்தாம் நாளோடு கட்டம் பூட்டிக்கொள்ளும். காலியாக விட்டவருக்குச் சிவப்புப் புள்ளி விழும். சிவப்பு கூடினால் ஆளை மாற்றிவிடுவார்கள். உன் வீம்பை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பத்தாம் நாள் ஏதோ ஓர் எண்ணைப் போடு. குறை இருந்தால் ஆபீசில் எழுத்தில் கொடுக்காதே, உன்மேல்தான் திரும்பும். எனக்கு எழுது. நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்,
நெடுஞ்செழியன்


மன்னார்குடி,
26.7.2025

அண்ணா,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை, அண்ணி நலமா? கோபம் ஆறிவிட்டது என்று நினைக்காதே. லாட் 214க்காகத்தான் எழுதுகிறேன்.

நோட்டுகளையெல்லாம் போன வாரம் சாக்கில் கட்டி எடுத்துப் போய்விட்டார்கள். 'கடைசி நோட்டு விழா' என்று அச்சுதன் சார் கேக் வெட்டினார். பழைய பேப்பர்க்காரர் வாசலிலேயே நின்றார்.

214 நீண்ட நாள் சம்பா ரகம். ஈரத்தோடு அடுக்கி வைத்துச் சூடேறிய நெல், மோந்து பார்த்தாலே தெரிகிறது. ஐந்தாம் நாள் எண்ணினேன், 22. பத்தாம் நாள் 36. அப்போதே அதைப் போட்டிருக்கலாம், கையும் விசை வரை போயிற்று. ஆனால் பதினோராம் நாள் கண் திறக்கிற சோம்பேறி விதையும் விதைதானே, அதன் பங்கை வெட்ட நான் யார் என்று விட்டுவிட்டேன். இன்று பதினாலாம் நாள். 41. நூற்றுக்கு நாற்பத்தொன்று! இதை விதைக்கிறவன் வயலில் பாதிக்கு மேல் மண்தான் இருக்கும்.

போடலாம் என்று போனால் கட்டம் பூட்டிக் கிடக்கிறது. அச்சுதன் சாரிடம் சொன்னேன். "சிஸ்டம் வாங்கிக்கலன்னா அந்த எண்ணே இல்லன்னு அர்த்தம்மா" என்றார். கட்டம் காலி, அதனால் மூட்டை நகராது. அந்த மட்டுக்கு நிம்மதி. ஆனால் இந்த 41 உலகத்தில் எங்கேயும் எழுதப்படவில்லை. நோட்டு இல்லை, மெஷின் வாங்கிக்கொள்ளவில்லை. இந்தக் கடிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. முறுக்கு டின்னில் பத்திரமாக வை. பூட்டைத் திறந்துவிடச் சொல். ஆபீசில் எழுத்தில் கொடுக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். பார்.

செம்மொழி


சென்னை,
14.8.2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. 'அண்ணா' என்று மறுபடி எழுதியிருந்தாய், அதுவே போதும். ரோஹிணிக்கு வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது. பெண் என்று அவள் சொல்கிறாள்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. உன் தொல்லை தீர்ந்தது. இனி உங்கள் டேஷ்போர்டில் காலிக் கட்டமே இருக்காது! நான் சொல்லி, விதி எண் ஏழு என்று ஒன்றைச் சேர்த்துவிட்டோம். உனக்குச் சிவப்பே விழாது. கம்பெனியின் மதிப்பெண் இரண்டே மாதத்தில் 2.3இலிருந்து 4.1. இவ்வளவு வேகமாக எங்கேயும் ஏறியதில்லை என்று எங்கள் இயக்குநர் கூட்டத்தில் எழுந்து நின்று கை தட்டினார். அடுத்த மாதம் ஐதராபாத்தில் இதற்கு ஒரு விருது கொடுக்கிறார்கள். அப்பாவிடம் சொல், சந்தோஷப்படுவார்.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணன்,
நெடுஞ்செழியன்


நன்னிலம்,
2.9.2025

அண்ணா,

விருதுக்கு வாழ்த்து. அப்பா இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டார் எல்லாருக்கும்.

மேலே ஊர்ப்பெயரைப் பார்த்தாயா? பழைய சிவப்புப் புள்ளிகளுக்காக என்னைத் 'திருத்தப் பயிற்சி'க்கு அனுப்பிவிட்டார்கள். நன்னிலத்துக் கிடங்கில் காலிச் சாக்கு மடிக்கிறேன். பட்டம் வாங்கியவள் மடிக்கிற சாக்கு, ஓரம் கொஞ்சம் நேராக இருக்கும். காலையில் மன்னார்குடியில் ஏறினால் சாயங்காலம்தான் வீடு. பதினெட்டு மாதத்துக்குள் தேறவில்லையென்றால் வேலையே இல்லையாம்.

ஒன்று கேட்கிறேன். காலிக் கட்டமே இருக்காது என்றால், எண் எங்கிருந்து வரும்? நான் எண்ணாததை அங்கே யார் எண்ணுகிறார்கள்? 214 பற்றி உன் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. உடனே எழுது.

செம்மொழி


மன்னார்குடி,
12.10.2025

அண்ணா,

நாற்பது நாள் ஆயிற்று, உன்னிடமிருந்து பதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை. அண்ணி நலமாக இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அப்பா இந்த வருடம் தன் ஐந்து மா நிலத்திலும் புழுதி விதைப்புப் போட்டார். நாற்று விட்டு நட ஆள் கிடைப்பதில்லை என்று, காய்ந்த வயலில் நேரடியாக விதையைத் தூவிவிட்டு மழைக்குக் காத்திருப்பதுதான். ஊறவைத்து முளைகட்டும் வேலை இல்லை. அதனால் விதை உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்று மழை பெய்கிற வரை தெரியாது. நான் நன்னிலத்தில் சாக்கு மடித்துக்கொண்டிருந்த ஒரு நாளில் கடைவீதிக்குப் போய் விதை வாங்கியிருக்கிறார். எங்கள் கம்பெனி விதை. கடைக்காரர் மூட்டை அட்டையில் இருந்த க்யூஆர் கோடைப் போனில் காட்டிப் படித்திருக்கிறார்: முளைப்பு 91. பரிசோதித்தவர் க. செம்மொழி.

கண்ணுசாமி மகள் பெயர் விதை மூட்டையோடு வந்திருக்கிறது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எம்மவ எண்ணிப் பாத்த வெத. எம்மவன் போட்ட மிசினு சொல்லுது. கண்ண மூடிக்கிட்டு வாங்கு" என்று ஊரில் பத்தொன்பது பேரை வாங்க வைத்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை, பயிர் பச்சை கட்டியதும் வயலுக்குக் கூட்டிப் போய்க் காட்டலாம் என்று இருந்தாராம்.

லாட் 214.

மழை பெய்து பதினைந்து நாள் ஆகிறது. வயலெல்லாம் சொட்டை. இங்கே நாலு, அங்கே நாலு, நடுவில் கோரை. மறுபடி விதைக்கலாம் என்றால் இந்த ரகத்துக்கு நாள் கடந்துவிட்டது. குறுகிய நாள் விதைக்குக் கடை கடையாக ஏறியும் கிடைக்கவில்லை. அடுத்த வீட்டு வேம்பு அண்ணன் குத்தகைக்குப் பிடித்த நிலம் முழுக்கப் போட்டது இதைத்தான். நேற்று வாசலில் வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். "ஏம்மா, படிச்ச புள்ளையாச்சே. ஒனக்கு எண்ணத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

விதி எண் ஏழு என்னவென்று அஃப்ரீன் பார்த்துச் சொல்லிவிட்டாள். பத்தாம் நாள் கட்டம் காலியாக இருந்தால் போன வருடத்துச் சராசரி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த லாட் யார் பொறுப்போ அவர் பெயரில். பழைய காலிக் கட்டங்களுக்கும் சேர்த்து. எங்கள் பூட்டை உடைத்து, அதன் மேல் என் பெயரையும் எழுதிவிட்டாய்.

பொய் எண் பதிந்ததாகக் கம்பெனியில் என்மேல் குற்றச்சாட்டு. அடுத்த மாதம் 24ஆம் தேதி விசாரணை. வேலையோடு போகாது, போலீசுக்கும் கொடுப்பார்களாம். எனக்கு இரண்டே இரண்டு வேண்டும். விதி எண் ஏழு உன்னுடையது, செம்மொழி அந்த எண்ணைப் போடவில்லை என்று நீ வந்து சொல். அப்புறம் ஜூலை 26ஆம் தேதி எழுதின என் கடிதத்தை அனுப்பு. அதில்தான் 41 இருக்கிறது.

செம்மொழி


சென்னை,
27.10.2025

அன்புத் தங்கைக்கு,

எல்லாம் கேள்விப்பட்டேன். இரவு பகல் தூக்கமில்லை. அப்பா உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

அச்சுதன் சாரிடம் உனக்காக மணிக்கணக்காகப் பேசினேன். வழி இருக்கிறது. தட்டச்சுப் பிழை, கை தவறி 91 விழுந்துவிட்டது என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட்டால், போலீசுக்குப் போகாமல் வேலையை விட்டு மட்டும் அனுப்பிவிடுவார்கள். வேறு வேலை நான் பார்த்துத் தருகிறேன். சின்னத் தப்பு என்று ஊரும் மறந்துவிடும். என் பெயர் இதில் வந்தால் நிலைமையே வேறு. விருது வாங்கிய கையின் ஈரம் இன்னும் காயவில்லை. ரோஹிணிக்கு எட்டாம் மாதம். யோசித்துப் பார்.

நீ கேட்ட கடிதம் என்னிடம் இல்லை. போன மாதம் வீடு மாறினோம். டின்னே எங்கோ போய்விட்டது. உன் எந்தக் கடிதத்தையும் நான் மறுபடி பார்க்கவில்லை.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்தாம் நாள் அந்த 36ஐப் போட்டுத் தொலைத்திருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது. உன் வீம்புதான் அப்பா வயலைத் தின்றது.

வளைகாப்பு நவம்பர் 16. இப்போது நீ வர வேண்டாம். ரோஹிணி வீட்டார் நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள். அப்பாவுக்கும் அவ்வளவு தூரம் பஸ்ஸில் முடியாது. குழந்தை பிறந்த பிறகு நானே கூட்டி வந்து காட்டுகிறேன்.

அண்ணன்,
நெடுஞ்செழியன்


மன்னார்குடி,
10.11.2025

திரு. நெடுஞ்செழியன் அவர்களுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அண்ணி சுகமாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும். அதில் எனக்கு மறு எண்ணம் இல்லை. அவருக்கென்று வாங்கி வைத்திருந்த கண்ணாடி வளையலை வேம்பு அண்ணன் மகளுக்குப் போட்டுவிட்டேன். அவளுக்கு இது ஏழாம் மாதம். நாத்தனார் இல்லாத பெண். கையை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் நீட்டினாள்.

பத்தாம் நாள் 36 என்பது ஜூலை 26ஆம் தேதிக் கடிதத்தில் மட்டும்தான் இருந்தது. உங்கள் கடிதம் வரும் வரை நான் அதை வேறு எங்கும் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. தொலைந்துபோன கடிதத்தை நன்றாகத்தான் படித்திருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தார். நீங்கள் செய்தது எல்லாம் அவருக்கு இப்போது தெரியும். மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, "அவன் சொல்றபடி கையெழுத்துப் போட்டுடும்மா. அவன் பேரு போச்சுன்னா எல்லாம் போச்சு. நீ இன்னொருத்தன் வீட்டுக்குப் போற பொண்ணு" என்றார். சொட்டை விழுந்த வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அப்பா பாவம், அப்பா பாவம் என்று இத்தனை வருடம் நினைத்தேனே, எனக்கும் ஓர் அப்பா வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

கையெழுத்துப் போடவில்லை. விசாரணைக்கு வெளியிலிருந்து வந்திருக்கும் அம்மாளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். சாட்சிப் பையை எடுங்கள் என்று. நோட்டை எடைக்குப் போட்டவர்களுக்கு அலமாரி நினைவுக்கு வரவில்லை. 214 அரக்கு உடையாமல் அப்படியே இருந்தது. இன்று காலை எல்லார் முன்னாலும் உடைத்தார்கள். அஃப்ரீன் எண்ணினாள், என்னைத் தொட விடவில்லை, அதுதான் சரி. நானூறு விதை, நாலு தட்டு. வேம்பு அண்ணனும் இன்னும் பத்துப் பேரும் வந்து ஜன்னலில் நின்று பார்த்தார்கள். அப்பா வரவில்லை. அச்சுதன் சார் நயமாக, "பத்தாம் நாளே பாத்துடலாமே மேடம்" என்றார். அந்த அம்மாள் நாலு தட்டிலும் '24' என்று தேதி எழுதி ஒட்டினார். பதினாலாம் நாள், 24ஆம் தேதி, எண்ணுவார்கள். நாற்பதோ முப்பத்தெட்டோ வரும். அப்போது 91 எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

என் வாக்குமூலத்தை எழுதிவிட்டேன். நகல் இதனோடு இருக்கிறது. பத்தாம் நாள் 36ஐப் போடாமல் விட்டது என் தவறு என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். நீங்கள் சொன்னது சரி, அந்த வீம்புக்கு நான் பொறுப்பு. பத்தொன்பது வீட்டிலும் ஏறி இறங்கி அதைச் சொல்லியும் விட்டேன். மூன்று வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.

மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள். 'காலிக் கட்டத்தைச் சராசரியால் நிரப்பச் சொன்னவர்' என்று எழுதி, அதற்கு நேரே ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். அதில் எதுவும் எழுதவில்லை. நீங்கள் வந்து உங்கள் கையால் எழுதலாம்.

கட்டம் காலியாக இருந்தால் எதுவும் நகராது. அது எங்கள் வழக்கம். கட்டம் காலியாக இருந்தால் தானாக நிரம்பிவிடும். அது உங்கள் விதி. 24ஆம் தேதி காலை பத்து மணி வரைக்கும் எங்கள் வழக்கம். அதற்கு மேல் உங்கள் விதி.

க. செம்மொழி,
பரிசோதித்தவர்